பீப் அடிக்கும் கார், பேசாத கண்ணாடி

சீட் பெல்ட்டின் உலோக நாக்கு மட்டும் இந்தியாவில் தனியாக விற்றுக்கொண்டிருந்தது. பெல்ட் கிடையாது, பூட்டுக்குள் போய் உட்காரும் அந்தத் தகடு மட்டும். அதைச் செருகிவிட்டால் ஆள் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிவிடும், பீப் சத்தம் அடங்கிவிடும். பாட்டில் திறப்பான், சிகரெட் லைட்டர் என்ற போர்வையிலும் சிலர் இதை விற்றார்கள். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஐந்து பெரிய இணைய விற்பனைத் தளங்களிலிருந்து இந்தப் பொருளுக்கான 13,118 பதிவுகளை நீக்க வைத்தது. சீட் பெல்ட் அணியாததால் 2021-இல் மட்டும் நாட்டில் 16,397 பேர் இறந்தார்கள் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அப்படியும் பெல்ட்டை இழுத்து மாட்டச் சோம்பல்பட்டவர்கள், அந்தச் சத்தத்தின் வாயை அடைக்கக் காசு செலவழித்தார்கள்.

ஒரு சத்தத்தின் மேல் இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். புதுக் கார் வாங்கியவர்களிடம் பேசிப் பாருங்கள். இன்ஜின், இருக்கை, இடவசதி பற்றியெல்லாம் பெருமை பேசி முடித்ததும் புலம்பல் தொடங்கும். 80-ஐத் தொட்டால் கத்துகிறது, சிக்னலில் தானாக அணைந்துபோகிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறது, ஒன்றுமே இல்லாத இடத்தில் பிரேக் போடுகிறது, ஏசியைக் குறைக்க நாலு தடவை திரையைத் தட்ட வேண்டியிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் ஓட்டுநராக இருப்பதில்லை. அரசு விதி, ஆய்வகச் சோதனை, கம்பெனியின் செலவுக் கணக்கு என்று வேறு எங்கோ இருக்கிறது. என் கட்சி என்னவென்றால், இந்தப் பட்டியலில் நாம் அதிகம் திட்டுவது ஒன்றை, நம்மை அதிகம் ஆபத்தில் தள்ளுவது வேறொன்று.

திட்டு வாங்குவதில் முதலிடம் பீப்புக்குத்தான். இதில் அமெரிக்கா பட்ட பாடு பெரிய கதை. முன் இருக்கைக்காரர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் கார் கிளம்பவே கிளம்பாது என்றொரு பூட்டு, 1974-ஆம் ஆண்டு மாடல் கார்களில் வந்தது. இருக்கையில் எடை தெரிந்தாலே ஆள் உட்கார்ந்திருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால் பைக்கும் பெல்ட் கட்ட வேண்டும், நாய் ஏறினால் நாய்க்கும் கட்ட வேண்டும். மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தப் பூட்டைக் கட்டாயமாக்க முடியாதபடி செய்தது. அத்தோடு விடவில்லை, எட்டு வினாடிக்கு மேல் ஒலிக்கும் எச்சரிக்கையையும் அரசு கட்டாயமாக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் பெல்ட் போட்டவர்கள் சுமார் 14 சதவீதம் பேர்தான். எட்டு வினாடித் தடை 2012 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

சத்தம் ஏன் இவ்வளவு குத்துகிறது என்பதற்கு நம் காதின் அமைப்பே பதில் சொல்லும். செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது, ஒரு பக்கம் செவிப்பறையால் அடைபட்டது. இந்த நீளமுள்ள குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே பெருக்கிக் காட்டும். அதனால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகள் நமக்கு மிகக் கூர்மையாகக் கேட்கின்றன. எச்சரிக்கை ஒலியை அந்தப் பக்கம் வைத்தால் கொஞ்சம் சக்தியிலேயே காரியம் ஆகிவிடும், மலிவான சின்ன ஒலிப்பானும் அங்கேதான் நன்றாக அலறும். இதில் ஒரு வம்பு உண்டு. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு வழிகளில் கணிக்கிறது. தாழ்ந்த ஒலி என்றால் அது இரண்டு காதுகளையும் வந்தடையும் நேர வித்தியாசத்தைப் பார்க்கும். உயர்ந்த ஒலி என்றால் தலை மறைப்பதால் ஒரு காதில் குறையும் உரப்பைப் பார்க்கும். சுமார் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு வழியுமே சரியாக வேலை செய்வதில்லை. ஒரே சுருதியில் ஒலிக்கும் பீப் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நாம் விழிப்பது அதனால்தான். பெல்ட்டா, பின்னால் இருக்கும் சென்சாரா, சரியாகச் சாத்தாத கதவா, பையில் கிடக்கும் செல்போனா?

விமானத்துறை இந்தப் பிரச்சினையை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது. விமானி அறையில் ஆளுக்கொரு கருவி ஆளுக்கொரு சத்தம் என்று குவிந்தபோது, கேம்பிரிட்ஜில் ஒலியுணர்வை ஆராய்ந்த ராய் பேட்டர்சன் 1982-இல் பிரிட்டனின் சிவில் விமானத்துறைக்கு வழிகாட்டி நெறிகள் எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கை ஒலிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், திடீரென்று வெடிக்க விடாமல் மெல்ல ஏற்றுங்கள், பின்னணி இரைச்சலைவிட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் உரக்க வையுங்கள் என்றார். அலறல் அளவுக்கு மீறினால் விமானியின் கை முதலில் போவது அலறலை நிறுத்தும் பட்டனுக்கு, ஆபத்தைக் கவனிப்பது அதற்குப் பிறகுதான் என்பது அவருடைய வாதம். கார்க்காரர்கள் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை. பிரேக் குழு ஒரு சத்தம், பார்க்கிங் குழு ஒரு சத்தம், கதவுக் குழு ஒரு சத்தம் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

இருந்தாலும் பெல்ட் பீப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது பொய் சொல்வது அபூர்வம். நீங்கள் பெல்ட் போடவில்லை, அது கத்துகிறது. போட்டால் நின்றுவிடும். காரணம் தெரிகிறது, கேட்பவர் கையிலேயே மருந்தும் இருக்கிறது.

வேக பீப் அப்படிப்பட்டதல்ல. 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் அது கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். நோக்கத்தில் குறையில்லை, ஆனால் அந்த 80-க்கு இடம் பொருள் தெரியாது. சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் 30-க்கு மேல் போகக் கூடாது என்று 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை வரம்பு வைத்தது. அந்தத் தெருவில் ஒருவர் 75-இல் பறந்தாலும் கார் வாயைத் திறக்காது. அதே கார், ஆளில்லாத நாற்கரச் சாலையில் 81-இல் போகிறவரைக் கண்டிக்கும்.

ஐரோப்பா இதைச் சரிசெய்யப் பார்த்து வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. அங்கே 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களும் கேமரா மூலம் சாலைப் பலகையைப் படித்தோ வரைபடத்தைப் பார்த்தோ அந்தந்த இடத்தின் வேக வரம்பைத் தெரிந்துகொண்டு எச்சரிக்க வேண்டும். பக்கத்துச் சாலைக்கான பலகையைக் கேமரா படித்துவிட்டால் போச்சு. வேண்டாம் என்று அணைத்துவைக்கலாம். மறுபடி காரைக் கிளப்பும்போது தானாக உயிர்த்துக்கொள்ளும், விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தினமும் காலையில் எழுந்து பட்டன் பட்டனாக அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது இப்போது ஐரோப்பிய ஓட்டுநர்களின் புதுச் சடங்கு.

எச்சரிக்கை பொய்யாகும்போது என்ன நடக்கும் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தானாகப் பிரேக் போடும் கருவி ஒன்று ஒரு லட்சம் தருணங்களைப் பார்க்கிறது, அதில் பத்துதான் உண்மையான ஆபத்து என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கருவி கெட்டிக்காரக் கருவி, அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. ஆபத்தில்லாத தருணங்களில் ஆயிரத்துக்கு ஒரே ஒரு முறைதான் ஏமாறுகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு லட்சத்தில் அது நூறு ஆகிவிடும். மொத்தம் 110 தடவை கத்தியதில் நூறு தடவை வீண். அபூர்வமான ஒன்றைத் தேடும் எந்தக் கருவிக்கும் இந்த விதி பொருந்தும், கருவியின் மேல் தப்பே இல்லாவிட்டாலும். 'புலி வருது, புலி வருது' கதையில் கடைசியில் புலி உண்மையிலேயே வந்தது என்பதைச் சேர்த்துத்தான் அந்தக் கதையை நினைவில் வைக்க வேண்டும். ஷ்லோமோ பிரெஸ்னிட்ஸ் என்ற உளவியலாளர் பொய் எச்சரிக்கைகள் பற்றியே 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு பொய்யும் அடுத்த எச்சரிக்கைக்கு உடல் காட்டும் பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகிறது என்பதுதான் அதன் சாரம்.

கார்களில் இந்தப் பொய்கள் எங்கிருந்து வருகின்றன? முன்பக்க ரேடார் சுமார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து எதிரில் இருப்பதன் வேகத்தைக் கணக்கிடுகிறது. நகரும் வண்டியைப் பிடிப்பதில் அது சூரப்புலி. அசையாமல் இருக்கும் பொருள்தான் தலைவலி. மேம்பாலத்தின் அடிப்பகுதி, சாலையில் பதித்த இரும்பு மூடி, வளைவில் நிற்கும் பலகை எல்லாமே அலையைத் திருப்பி அனுப்பும். எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது பழைய வகை ரேடாருக்குச் சரியாகத் தெரியாது. அசையாத எல்லாவற்றையும் தள்ளிவிட்டால், நடுரோட்டில் நிற்கும் லாரியும் சேர்ந்து தள்ளுபடியாகிவிடும். தள்ளாவிட்டால் மேம்பாலத்துக்கெல்லாம் பிரேக் விழும். காரணமில்லாமல் பிரேக் விழுகிறது என்று 354 புகார்கள் குவிந்ததும், 2022 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 4,16,000 டெஸ்லா கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது.

இந்தியாவில் 2021-இல் மகிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் போன்ற கார்கள் வழியாக இந்த வசதிகள் நடுத்தர விலைக்கு இறங்கி வந்தன. முன்வண்டிக்கும் நமக்கும் நடுவே கார் மரியாதையாக இடைவெளி விடும். விட்ட இடைவெளியில் ஒரு பைக் நுழையும், கார் பிரேக் போடும். மறுபடி இடைவெளி விடும், இந்தத் தடவை ஆட்டோ. பின்னால் வருகிறவருக்கு இந்தத் திடீர் பிரேக்குகளின் காரணம் புரியாது, முட்டினால் பின்பக்கம் நமக்குத்தான் போகும். தடக்கோட்டைத் தாண்டாமல் பிடித்துவைக்கும் உதவி இன்னும் வேடிக்கை. குழியைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் சற்று ஒதுக்கினால், தூக்கத்தில் விலகுகிறாய் என்று நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைக் குழிப் பக்கமே திருப்பப் பார்க்கும். கோடு அழிந்த சாலையில் அது தானாகவே ஒதுங்கிக்கொள்வது ஒருவகையில் நல்லதுதான்.

சிக்னலில் இன்ஜின் அணைவது வேறு வகை. அதன் பின்னால் இருப்பது மைலேஜ் சோதனை. ஐரோப்பாவின் பழைய சோதனைச் சுற்று மொத்தம் 1,180 வினாடி, அதில் ஏறக்குறைய கால்பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கும். நம் நாட்டுச் சோதனைச் சுற்றும் அதிலிருந்து பிறந்ததுதான், உச்ச வேகத்தை 90-ஆகக் குறைத்துக்கொண்டார்கள். நிற்கும் நேரமெல்லாம் இன்ஜின் அணைந்திருந்தால் காகிதத்தில் மைலேஜ் ஏறும். சாவி போட்டதும் வண்டி எந்த நிலையில் விழிக்கிறதோ அந்த நிலையில்தான் சோதனை நடக்கும் என்பதால், இந்த வசதியும் ஒவ்வொரு முறையும் இயங்கும் நிலையிலேயே விழிக்கும். பெட்ரோல் மிச்சமாவது பொய்யில்லை. பத்து வினாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துக் கிளப்புவதே லாபம் என்று அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடம் அளந்து சொல்லியிருக்கிறது. ஆனால் சோதனையில் ஏசி ஓடாது. மே மாதச் சென்னையில் ஓடும். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸரைச் சுற்றுவதே இன்ஜின்தான். இன்ஜின் அணைந்ததும் குளிர் குறையத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் காரே பொறுக்க முடியாமல் சிக்னல் விழும் முன்பே குலுங்கி எழுந்துவிடும். மிச்சமானது சில துளிதான், அதற்காகப் பொருத்திய தடித்த பேட்டரி மாற்றும் நாளில் சாதாரண பேட்டரியைவிட விலை கூடுதல்.

2022-இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் செய்த வேலையில் தொழில்நுட்பக் காரணம் என்று எதுவும் கிடையாது. இருக்கையைச் சூடாக்கும் கம்பி காரில் ஏற்கெனவே இருக்கும், அதை இயக்க மாதச் சந்தா கட்ட வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே கைவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச அவ்வளவுதான் இருக்கிறது.

சத்தமே போடாத வசதியான தொடுதிரைக்கு வருவோம். ஸ்வீடனின் 'வி பிலாகரே' என்ற கார் இதழ் 2022-இல் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் சோதனை நடத்தியது. பதினொரு புதுக் கார்கள், கூடவே 2005-ஆம் ஆண்டின் வால்வோ வி70 ஒன்று. மணிக்கு 110 கிலோமீட்டரில் போய்க்கொண்டே வெப்பத்தைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். காரைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பட்டனும் குமிழும் நிறைந்த பழைய வால்வோவில் நாலு வேலையும் பத்து வினாடியில் முடிந்தன, அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் தொடுதிரைக் காரில் ஏறத்தாழ 45 வினாடி ஆனது, அதாவது 1,372 மீட்டர்.

விரலுக்குத் தன் இருப்பிடம் தெரியும். தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள் கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விரல் நுனியின் தோல் விளிம்பையும் மேடு பள்ளத்தையும் தடவிக் கண்டுபிடிக்கும். குமிழைத் திருகும்போது விழும் சின்னத் தடக் தடக்கைக்கூட எண்ணிவிடலாம். தொடுதிரை வேலை செய்யும் விதமே வேறு, கண்ணாடிக்குக் கீழே உள்ள மின்தேக்கத்தில் விரல் ஏற்படுத்தும் மாறுதலை அது அளக்கிறது. மேலே வழவழப்பான கண்ணாடி, தடவிப் பார்க்க எதுவுமில்லை. ஆக ஒவ்வொரு தட்டலுக்கும் கண் வேண்டும். கண் சாலையைவிட்டு இறங்கி, ஒரு கை தூரத்தில் இருக்கும் திரைக்குக் குவியத்தை மாற்றி, படித்து, திரும்ப ஏறி, தொலைவுக்குக் குவிய வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு விழி வில்லை விறைத்துவிடுவதால் இந்த மாற்றம் இன்னும் மந்தம், எழுத்தும் கலங்கலாகத்தான் தெரியும். மணிக்கு 60-இல் போகும் கார் ஒவ்வொரு வினாடிக்கும் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது.

பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2020-இல் எதிர்வினை நேரங்களை ஒப்பிட்டது. சட்டம் அனுமதிக்கும் வரம்பு வரை குடித்தவர்களுக்கு 12 சதவீதம் தாமதம். செல்போனில் குறுஞ்செய்தி அடித்தவர்களுக்கு 35 சதவீதம். செல்போனைக் கார்த்திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தட்டியவர்களுக்கு 53, ஆப்பிள் கார்ப்ளேக்கு 57. செல்போனுக்கு அபராதம் போடும் காவலர், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வழிவிடுவார்.

பின் எப்படி இது எல்லாக் காரிலும் ஏறியது? 1986-இலேயே ப்யூக் ரிவியராவில் தொடுதிரை வந்தது, தடித்த பழைய டிவிக் குழாய்த் திரை. வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்து அதை அந்தஸ்தின் அடையாளமாக்கியது. 2018 மே முதல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. பின்னோக்கி நகரும் காரின் அடியில் குழந்தைகள் நசுங்குவதைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் கேமரா என்றால் திரை வேண்டுமே. கட்டாயம் ஒரு திரை இருக்கத்தான் போகிறது என்றான பின், ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, தனி வயர், தனிச் சோதனை எதற்கு என்று கணக்கர்கள் கேட்டார்கள். மென்பொருளில் பட்டன் வரைய அச்சு வேண்டாம்.

கடலில் இந்தக் கணக்கு உயிர்களை வாங்கியது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், தொடுதிரையில் இருந்த சுக்கான், வேகக் கட்டுப்பாடுகளை ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது யார் கையில் எது இருக்கிறது என்று தெரியாமல் குழம்பி, எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமிகள் பத்துப் பேர் இறந்தார்கள். வேகக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கையால் தள்ளும் நெம்புகோலுக்கே மாற்றுவதென்று 2019-இல் கடற்படை முடிவெடுத்தது. இத்தனை நடந்தும், காரின் திரையைப் பார்த்து ஷோரூமில் யாரும் முகம் சுளிப்பதில்லை. நிற்கும் காரில் உட்கார்ந்து தட்டும்போது அது அழகாகத்தான் இருக்கிறது, பீப் அடித்துத் திட்டு வாங்குவதுமில்லை.

இப்போது காற்று திரும்புகிறது. ஃபோக்ஸ்வாகன், அடிக்கடி தேவைப்படும் கட்டுப்பாடுகளை நிஜ பட்டன்களாகவே இனி வைப்போம் என்று 2025-இல் அறிவித்தது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் ஐந்து வேலைகளுக்குத் தொட்டு உணரக்கூடிய கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கிறது. இண்டிகேட்டர், நான்கு விளக்கும் சிமிட்டும் ஹசார்டு, ஹார்ன், வைப்பர், அவசர உதவி அழைப்பு. அந்த ஐந்தில் ஏசி கிடையாது. புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமிலேயே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏசியின் வேகத்தை இரண்டு படி குறைத்துப் பார்க்கலாம். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.